தரகர் ‘ரியல்டர்’ ஆன பதினாறு ஆண்டுகள்

1908 மே 12. சிகாகோ ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் 120 பேர் கூடினார்கள். எல்லாரும் வீடு, மனை, நிலம் விற்றுக்கொடுத்துத் தரகு வாங்குபவர்கள். ஆனால் தனி ஆட்களாக வரவில்லை. பால்டிமோர், கிளீவ்லாந்து, டெட்ராய்ட், செயின்ட் லூயிஸ், லாஸ் ஏஞ்சல்ஸ், மினியாபோலிஸ் என்று 19 உள்ளூர்ச் சங்கங்களின் ஆட்களாகவும், கலிபோர்னியா மாநிலச் சங்கத்தின் ஆட்களாகவும் வந்திருந்தார்கள். அன்று தொடங்கிய அமைப்புக்கு ‘ரியல் எஸ்டேட் எக்ஸ்சேஞ்சுகளின் தேசியச் சங்கம்’ என்று பெயர் வைத்தார்கள். டெட்ராய்டின் வில்லியம் ஹன்னன் முதல் தலைவர். நாட்டின் ரியல் எஸ்டேட்காரர்களை ஒன்றுசேர்த்து, நிலம் சம்பந்தப்பட்ட விவகாரங்களில் கூட்டாகச் செல்வாக்குச் செலுத்துவது நோக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். 1916இல் பெயர் ‘ரியல் எஸ்டேட் போர்டுகளின் தேசியச் சங்கம்’ என்று மாறியது. இன்றைய பெயரான ‘ரியல்டர்களின் தேசியச் சங்கம்’ 1972இல் வந்தது.

1908 முதல் 1924 வரையிலான ஆண்டுகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, நல்ல வாய்ப்பேச்சு இருந்தால் போதும் என்றிருந்த ஒரு வேலை, இந்த ஆண்டுகளுக்குள் நுழைவு விதி, நடத்தை விதி, தனிப்பெயர், அரசு உரிமம் எல்லாம் உள்ள தொழிலாக மாறியது. அந்த வேலியை எப்படிக் கட்டினார்கள் என்பது இந்த ஆய்வின் ஒரு பாதி. அதே வேலி யாரை வெளியே நிறுத்தியது என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தச் சங்கத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

சங்கத்துக்கு முந்தைய சந்தை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நகரங்கள் வேகமாக வளர்ந்தன. ரயில் போன இடமெல்லாம் லே-அவுட் போட்டார்கள். 1887 வாக்கில் தென் கலிபோர்னியாவில் எழுந்த மனை மோகத்தில், வரைபடத்தில் மட்டுமே இருந்த ஊர்களின் மனைகள்கூட விலைபோயின. மோகம் வடிந்ததும் அவற்றில் பல ஊர்கள் வெறும் புல்வெளியாகவே மிஞ்சின. விற்றவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். யார் வேண்டுமானாலும் தரகராகலாம், எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் நிலைமை. அலுவலகமே இல்லாமல் தெருவோரத்தில் நின்று பேரம் முடிப்பவர்களுக்கு நடைபாதைத் தரகர் என்று ஒரு பட்டப்பெயரே இருந்தது.

கோளாறு எங்கே என்று பார்த்தால், ஏமாற்றுக்காரர்கள் நிறைய இருந்தார்கள் என்பது மேலோட்டமான பதில். தொழில் நடந்த முறையே நல்லவனையும் கெட்ட வழிக்குத் தள்ளியது.

முதல் சிக்கல், ‘எனக்கு இவ்வளவு கொடு, மிச்சம் உனக்கு’ என்ற ஏற்பாடு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: வீட்டுக்காரர் கைக்கு 4,000 டாலர் வந்தால் போதும் என்கிறார். தரகர் அதை 5,000க்கு விற்கிறார். 5 சதவீதத் தரகு என்றால் அவருக்கு 250 டாலர்தான் சேரும். இந்த ஏற்பாட்டில் 1,000 டாலர் அவர் பைக்குப் போகிறது. இதற்கு அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உண்மையான சந்தை விலையை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருப்பது. யாருக்காக வேலை பார்க்கிறாரோ அவர் அறியாமையில்தான் தரகரின் லாபம் இருந்தது.

இரண்டாவது, ஒரே சொத்தைப் பல பேரிடம் சொல்லிவைப்பது. வீட்டுக்காரர் பத்துத் தரகர்களிடம் சொல்வார். விற்றவனுக்கு மட்டும் தரகு. இது வீட்டுக்காரருக்கு நல்லது போலத் தெரியும். நடப்பது வேறு. பத்தில் ஒரு பங்கு வாய்ப்புக்காக எந்தத் தரகரும் விளம்பரத்துக்குச் செலவு செய்ய மாட்டார். முகவரியை வெளியே சொன்னால் இன்னொருவர் போய் முடித்துவிடுவார் என்பதால் விவரத்தை ஒளித்துவைப்பார். வாங்க வந்தவர் ஒரு தரகரோடு வீட்டைப் பார்த்துவிட்டு, வேறொரு தரகர் மூலம் முடித்துவிட்டால், இருவரும் தரகு கேட்டு வீட்டுக்காரர் வாசலில் நிற்பார்கள். விற்பனைக்கு உண்மையில் யார் முயற்சி காரணம் என்ற கேள்வி நீதிமன்றம்வரை போகும். ஒரு விற்பனைக்கு இரண்டு தரகு கட்டிய வீட்டுக்காரருக்கு அந்தத் தொழிலின் மேல் என்ன மரியாதை இருக்கும்?

மூன்றாவது, வாங்குபவரிடமும் விற்பவரிடமும் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் தரகு வாங்குவது. நான்காவது, முன்பணம். வாங்குபவர் கொடுத்த அட்வான்ஸைத் தரகர் தன் சொந்தப் பணத்தோடு கலந்துவிடுவார். பேரம் முறிந்தால் திருப்பிக் கொடுக்கக் கையில் இருக்காது. திருடும் எண்ணமே இல்லாதவர்கூட வாடகை கட்டவும் விளம்பரத்துக்கும் எடுத்துச் செலவு செய்துவிட்டு மாட்டிக்கொள்வார்.

எக்ஸ்சேஞ்ச் என்ற சொல்லின் பொருள்

தேசியச் சங்கம் தோன்றுவதற்கு முன்பே நகர அளவில் மருந்து தேடத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஊர்த் தரகர்களின் சங்கமான சிகாகோ போர்டு 1883இல் உருவானது. மினியாபோலிஸ், சான் டியேகோ போன்ற ஊர்களிலும் அந்தப் பத்தாண்டிலேயே போர்டுகள் வந்தன. சில ஊர்களில் அவற்றை எக்ஸ்சேஞ்ச் என்றார்கள். அது அலங்காரப் பெயர் இல்லை. குறித்த நாளில் உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் கூடி, தங்கள் கையில் இருக்கும் சொத்துகளின் விவரத்தைப் பரிமாறிக்கொள்வார்கள். என் சொத்துக்கு நீ ஆள் கொண்டுவந்தால் தரகில் உனக்குப் பங்கு என்பது அடிப்படை ஒப்பந்தம். இதிலிருந்து வளர்ந்ததுதான் ‘மல்டிபிள் லிஸ்டிங்’, அதாவது உறுப்பினர்கள் எல்லாரும் சேர்ந்து விற்கும் பொதுச் சொத்துப் பட்டியல். அந்தப் பெயர் 1907 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது.

இந்த முறை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. வீட்டுக்காரர் ஒரே ஒரு தரகருக்கு, குறித்த காலத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் கொடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தத் தரகர் பயமில்லாமல் முகவரியை மற்றவர்களிடம் சொல்வார். யார் விற்றாலும் தன் பங்கு தனக்கு வரும் என்ற உறுதி இருப்பதால் செலவு செய்வார், விளம்பரம் போடுவார். வாங்குபவரை அழைத்துவந்த தரகருக்கும் பங்கு எழுத்தில் இருப்பதால், இரண்டு பேர் தரகு கேட்டு மோதும் சிக்கல் குறையும். பத்துப் பேரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட ஒருவரிடம் எழுதிக்கொடுத்தால்தான் பத்துப் பேரும் உழைப்பார்கள் என்பதை வீட்டுக்காரருக்குப் புரியவைப்பதுதான் போர்டுகளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

அதிலும் ஓட்டை உண்டு. சுலபமாக விலைபோகும் நல்ல சொத்தைத் தரகர் தன்னிடமே வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் போகாமல் கிடக்கும் சொத்தை மட்டும் பொதுப் பட்டியலில் போடுவார். எல்லாரும் அப்படிச் செய்தால் பட்டியல் குப்பைக்கூடை ஆகிவிடும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் குறித்த கெடுவுக்குள் விவரத்தைச் சங்கத்திடம் கொடுத்தாக வேண்டும் என்று விதி போட்டால்தான் இது அடங்கும். விதியை மீறினால் தண்டிக்க ஒரு சங்கம் வேண்டும். தண்டனைக்குப் பயப்பட வேண்டுமென்றால், சங்கத்தைவிட்டுப் போனால் இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பின்னால் வந்த நடத்தை விதி, தனிப்பெயர் எல்லாமே இந்த ‘இழப்பதற்கு ஏதாவது’ என்ற இடத்தை நிரப்ப வந்தவைதான்.

முதல் முயற்சி செத்தது ஏன், இரண்டாவது பிழைத்தது ஏன்

1908 முதல் முயற்சி இல்லை. 1890களின் தொடக்கத்திலேயே தேசிய அளவில் ஒரு ரியல் எஸ்டேட் சங்கம் கட்டிப் பார்த்தார்கள். 1893இல் வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்த நிதி நெருக்கடியில் அது காணாமல் போனது. மனை விற்காதபோது சந்தா கட்ட யாருக்கும் மனம் வராது.

1908 கூட்டமும் நல்ல காலத்தில் நடந்ததில்லை. 1907 அக்டோபரில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் கதவைச் சாத்தியதில் தொடங்கிய பீதி தணிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்படியிருந்தும் இந்த முறை நிலைத்ததற்குக் காரணம் கட்டமைப்பு என்றே சொல்ல வேண்டும். உறுப்பினர் தன் ஊர்ச் சங்கத்தில் சேர்வார். ஊர்ச் சங்கம் தேசியச் சங்கத்தில் சேரும். அன்றாடம் பயன் தரும் காரியங்கள், அதாவது சொத்துப் பட்டியல், தரகுப் பங்கு, வழக்குத் தீர்ப்பது எல்லாம் ஊரில் நடக்கும். தேசிய அமைப்பு மாநாடு, சட்டம், பொதுவிதி ஆகியவற்றைப் பார்க்கும். ஊரில் பயன் இருக்கும்வரை மேலே உள்ள அமைப்புக்கும் உயிர் இருக்கும்.

இந்தக் கட்டமைப்பின் மறுபக்கத்தையும் இங்கேயே குறித்துவைக்க வேண்டும். யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்வது ஊர்ச் சங்கம். அது கதவைச் சாத்தினால் தேசியச் சங்கத்துக்கு வேறு வழி கிடையாது. சியாட்டிலின் கொரின் சிம்ப்சன் 1910இலேயே முதல் பெண் உறுப்பினராக உள்ளே வந்தார். கறுப்பினத் தரகர்களுக்கோ ஊருக்கு ஊர் கதவு சாத்தியே கிடந்தது.

வின்னிபெக், 1913

சங்கத்தின் உறுப்பினர் எல்லை கனடாவையும் தொட்டது. 1913 கோடையில் மாநாடு வின்னிபெக்கில் நடந்தது. பொதுமக்களுக்குச் சேவை என்பதுதான் அந்த மாநாட்டின் முழக்கம். அங்கேதான் நடத்தை விதித்தொகுப்பை ஏற்றார்கள். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வைத்திருந்ததைப் போன்ற ஒன்று தங்களுக்கும் வேண்டும் என்ற ஆசை அதில் வெளிப்படையாகவே இருந்தது.

தொகுப்பு இரண்டு பாகம். ஒன்று வாடிக்கையாளருக்குத் தரகர் செய்ய வேண்டிய கடமை, மற்றது தரகர்கள் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமை. நேர்மை, உண்மை, விசுவாசம், திறமை நான்கும் வேண்டும் என்று தொடங்கி, தரகர் என்பவர் வாடிக்கையாளரின் வேலைக்காரர், முதலாளி வாடிக்கையாளர்தான் என்று சொல்கிறது. இன்றைக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வரி அன்றைக்குப் பெரிய மாற்றம். அதுவரை தரகர் தன்னை ஒரு வியாபாரியாகவே நினைத்தார். வியாபாரி தனக்குத் தெரிந்த விலையைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வேலைக்காரன் சொல்லியாக வேண்டும். மேலே பார்த்த 4,000, 5,000 கணக்கின் வேரில் விழுந்த வெட்டு அது.

ஆனால் 1913 விதிகள் பரிந்துரைதான். கட்டாயமாக்கப்பட்டது 1924இல், தொகுப்பை முழுதாகத் திருத்தி எழுதியபோது. பதினோரு ஆண்டு இடைவெளி வீணானதாகத் தோன்றலாம். ஆனால் உறுப்பினர்கள் பழகாத விதியை முதல் நாளே கட்டாயமாக்கியிருந்தால், கையில் நிறைய சொத்து வைத்திருந்த பெரிய தரகர்கள் முதலில் வெளியேறியிருப்பார்கள் என்பது நம் கணிப்பு.

அதே தொகுப்பில் இன்னொரு விதியும் இருந்தது: உள்ளூர்ச் சங்கம் நிர்ணயித்த தரகுக் கட்டணத்தைத்தான் வாங்க வேண்டும். குறைத்து வாங்குபவர் தொழிலைக் கெடுப்பவர் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. சங்கத்துக்குள் அது ஒழுக்கம், வெளியே இருந்து பார்த்தால் விலையைக் கூடிப்பேசி நிறுத்திவைப்பது. இந்த இரண்டாவது பார்வை சட்டமாக நெடுங்காலம் பிடித்தது. வாஷிங்டன் நகரப் போர்டு உறுப்பினர்களுக்குத் தரகு விகிதத்தை நிர்ணயித்தது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு எதிரானது என்று 1950இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒரு சொல்லை உருவாக்கிப் பூட்டிவைத்தது

இந்த வரலாற்றிலேயே கெட்டிக்காரத்தனமான வேலை இதுதான்.

சார்லஸ் சாட்போர்ன் மினியாபோலிஸ் போர்டின் முன்னாள் தலைவர். தெருவில் செய்தித்தாள் விற்கும் பையன் ஒருவன், ரியல் எஸ்டேட்காரன் ஒருவன் ஏழை விதவையைக் கொள்ளையடித்த கதை என்று கூவிக்கொண்டு போனானாம். பத்திரிகையை வாங்கிப் படித்தால், செய்தியில் இருந்தவர் ஊரில் யாருக்கும் தெரியாத, கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஆள். அவருக்கும் ‘ரியல் எஸ்டேட்காரர்’ என்ற பெயர், இருபது ஆண்டு நல்ல பெயரோடு தொழில் செய்தவருக்கும் அதே பெயர். சாட்போர்ன் பின்னாளில் சொன்ன கதை இது.

அவர் கண்ட விடை ஒரு புதுச்சொல். ‘ரியல்டர்’. ‘ரியல்’ என்ற நிலச்சொத்துக்கான சட்டச்சொல்லோடு, ‘டாக்டர்’ என்பதில் வருவதைப் போன்ற விகுதியைச் சேர்த்தார். 1916இல் தொழில் இதழில் காரணத்தோடு எழுதினார். அதே ஆண்டு தேசியச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

புதுச்சொல்தான் வேண்டும் என்பதற்குச் சட்டக் காரணம் உண்டு. தரகர், ஏஜென்ட் போன்ற சொற்கள் அகராதியில் இருப்பவை. ஊரே பேசும் சொல்லை யாரும் தனக்கென்று வேலி போட முடியாது. அகராதியிலேயே இல்லாத சொல்லை உருவாக்கினால், அது யாரைக் குறிக்கும் என்று முடிவு செய்யும் உரிமை உருவாக்கியவருக்கு. எனவே ரியல்டர் என்றால் ரியல் எஸ்டேட் தொழில் செய்பவர் என்று பொருளில்லை. தேசியச் சங்கத்தோடு இணைந்த ஊர்ச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, அதன் நடத்தை விதிக்குக் கட்டுப்பட்டவர் என்று பொருள். உறுப்பினர் பதவி போனால் பெயர்ப்பலகையிலிருந்து சொல்லும் போக வேண்டும்.

பெயரை வைப்பதைவிட அதைக் காப்பது கடினம். ஒரு சொல் பிரபலமானால் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், எல்லாரும் எடுத்துக்கொண்டால் உரிமை போய்விடும். முதல் பெரிய சோதனை வந்தது தொலைபேசிக் கையேட்டில். மினியாபோலிஸ் கையேட்டில் உறுப்பினர் அல்லாத ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ‘ரியல்டர்’ என்று அச்சானது. போர்டு தொலைபேசி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 1920இல் ஹென்னபின் கவுண்டி நீதிமன்றம் போர்டின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கையேட்டின் ஒரு வரிக்காக நீதிமன்றம் போவது அற்பமாகத் தெரியலாம். அந்த ஒரு வரியைச் சும்மா விட்டிருந்தால் அடுத்த ஆண்டு பக்கம் முழுக்க அந்தச் சொல் இருந்திருக்கும்.

ஒரு சங்கத்தின் உறுப்பினர் என்பதைக் காட்டும் குறியைப் பதிவுசெய்ய 1946ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் வழி திறந்தது. ‘ரியல்டர்ஸ்’ 1949இலும் ‘ரியல்டர்’ 1950இலும் பதிவாயின. இது பொதுச்சொல்லாகிவிட்டது, பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று வந்த மனுவை 2004இல் வணிகக்குறி மேல்முறையீட்டு வாரியம் தள்ளுபடி செய்தது. சென்னை, கோவை பெயர்ப்பலகைகளில் ‘ரியல்டர்ஸ்’ என்று பார்த்துப் பழகிய நமக்கு இது வெறும் தொழில்பெயராகத்தான் தோன்றும். அமெரிக்காவில் உறுப்பினர் அல்லாத ஒருவர் அப்படிப் பலகை வைத்தால் சங்கத்தின் வக்கீலிடமிருந்து கடிதம் வரும். ‘ரியலேட்டர்’ என்று நடுவில் ஓர் அசையைச் சேர்த்து அங்கேயே பலர் தப்பாக உச்சரிப்பது மட்டும் நூறாண்டாக நிற்கவில்லை.

அரசின் முத்திரை

சங்கத்தில் சேராதவரைச் சங்க விதி கட்டுப்படுத்தாது. அதனால் அரசு உரிமம் வேண்டும் என்று சங்கமே கேட்டது. கலிபோர்னியா 1917இல் கொண்டுவந்த உரிமச் சட்டம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. திருத்தி எழுதி 1919இல் மறுபடி கொண்டுவந்தார்கள். அதை மாநில உச்சநீதிமன்றம் அதே ஆண்டு ஏற்றது. டென்னசியின் உரிமச் சட்டம் 1922இல் நாட்டின் உச்சநீதிமன்றம்வரை போய் நிலைத்தது. தேசியச் சங்கத்தின் சட்ட ஆலோசகர் நேத்தன் வில்லியம் மக்செஸ்னி ஒரு மாதிரிச் சட்டம் எழுதிக்கொடுத்தார். மாநிலங்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன.

இவ்வகைச் சட்டத்தில் பல் உள்ள இடம் அபராதம் இல்லை. உரிமம் இல்லாதவர் தரகு கேட்டு வழக்குப் போட முடியாது என்பதுதான். அபராதம் விதிக்க அதிகாரி தேடிப் பிடிக்க வேண்டும். தரகு மறுக்கப்படும் என்றால் தரகரே உரிமத்தைத் தேடி வருவார்.

உரிமத்தோடு படிப்பும் வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈலி 1920இல் நிலப் பொருளியல் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அவரோடும் ஒய்.எம்.சி.ஏ. பள்ளிகளோடும் சேர்ந்து 1920களின் தொடக்கத்தில் சங்கம் பாடத்திட்டம் வகுத்தது. நில மதிப்பீடு, அடமானம், ஒப்பந்தம் எல்லாம் வகுப்பறைக்கு வந்தன. இதே வகுப்பறைகளில்தான் அடுத்த பகுதியில் வரும் கருத்தும் விஞ்ஞானமாகக் கற்பிக்கப்பட்டது.

முப்பத்துநான்காம் விதி

1924இல் திருத்திய தொகுப்பு மூன்று பாகமாக விரிந்தது. சக தரகர், வாடிக்கையாளர் ஆகியவர்களோடு இப்போது பொதுமக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையும் சேர்ந்தது. அந்தப் பொதுமக்கள் பாகத்தில்தான் 34ஆம் விதி இருக்கிறது. ஒரு பகுதியின் சொத்து மதிப்பைத் தெளிவாகக் குறைக்கக்கூடிய சொத்தையோ, குடியிருப்பையோ, எந்த இனத்தவரையோ நாட்டினரையோ, தனிநபரையோ அந்தப் பகுதிக்குள் கொண்டுவருவதற்கு ரியல்டர் ஒருபோதும் கருவியாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

இது திடீரென்று முளைத்ததில்லை. தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குப் பெருமளவில் குடிபெயர்ந்த காலம் அது. எந்தத் தெருவில் யார் இருக்கலாம் என்று நகராட்சியே சட்டம் போட முடியாது என்று, லூயிவில் நகரத்தின் சட்டத்தை ரத்து செய்த வழக்கில் 1917 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு வழி அடைபட்டதும் தனியார் வழி அகலமானது. சிகாகோ போர்டு 1917லேயே கறுப்பினக் குடும்பங்களைத் தெருத் தெருவாக ஒதுக்கிவைக்கும் திட்டத்தைப் பரிந்துரைத்திருந்தது. வெள்ளையர் தெருவில் கறுப்பினத்தவருக்கு விற்கும் உறுப்பினரை நீக்குவதென்று 1921இல் தீர்மானித்தது. தேசிய விதி அதற்கு மூன்று ஆண்டு கழித்து வந்தது.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு ரியல்டரிடம் கறுப்பின மருத்துவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் பணம் இருக்கிறது, விற்கவும் ஒருவர் தயாராக இருக்கிறார். விற்றுக்கொடுத்தால் ரியல்டர் மீது ஊர்ச் சங்கத்தில் புகார் வரும். நீக்கப்பட்டால் ‘ரியல்டர்’ என்ற சொல் பலகையிலிருந்து போகும். சொத்துப் பட்டியலில் பங்கு போகும். மற்ற தரகர்கள் தரகைப் பகிர மாட்டார்கள். சட்டம் தடுக்காத ஒரு விற்பனையை, நேர்மையற்ற தரகர்களை அடக்க உருவாக்கிய அதே கருவிகள் தடுத்துவிடும். ‘இழப்பதற்கு ஏதாவது’ இருக்க வேண்டும் என்று கட்டிய அமைப்பு இங்கே முழு வலுவோடு வேலை செய்தது.

அவர்கள் சொன்ன காரணம் சொத்து மதிப்பு. வாடிக்கையாளரின் மதிப்பைக் காப்பது கடமை, எனவே மதிப்பைக் குறைக்கும் ஆளை உள்ளே விடாமலிருப்பதும் கடமை என்று வாதம் போனது. கறுப்பினக் குடும்பம் வந்தால் மதிப்பு குறையும் என்பதை நிறுவப்பட்ட உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். எல்லாத் தரகரும் அப்படியே நடந்தால் மதிப்பு குறையத்தான் செய்யும். விதியே தன் ஆதாரத்தை உற்பத்தி செய்துகொண்டது. தொடக்கத்தில் பார்த்த 1,000 டாலர் ஏமாற்றைக் கண்டுபிடித்து வேரறுக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தர்க்கத்தின் ஓட்டை தெரியாமல் போனது மன்னிக்க முடியாத குறை.

உரிமச் சட்டத்தின் மாதிரியை எழுதிய அதே மக்செஸ்னி, கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று வீட்டுக்காரர்கள் பத்திரத்தில் எழுதிக்கொள்ளும் நிபந்தனைக்கு 1927இல் சிகாகோவில் ஒரு மாதிரி எழுதிக்கொடுத்தார். தொழிலை ஒழுங்குபடுத்திய கையும் தெருவைப் பிரித்த கையும் ஒன்றுதான்.

இத்தகைய பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு, 1950இல்தான் சங்கத்தின் விதியிலிருந்து இனம், நாட்டினர் என்ற சொற்கள் போயின. சொத்து மதிப்பைக் குறைக்கும் சொத்தையோ பயன்பாட்டையோ கொண்டுவரக் கூடாது என்ற மீதி வாசகம் அப்படியே இருந்தது. பழகிய கைக்கு அது போதுமானதாக இருந்தது. கடந்தகாலப் பாகுபாட்டுக்குச் சங்கத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020இல்.

வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1947 ஜூலையில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 12 கறுப்பினத் தரகர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார்கள். ‘ரியல் எஸ்டேட் தரகர்களின் தேசியச் சங்கம்’ என்று பெயர். ஆங்கில முதலெழுத்துச் சுருக்கத்தில் (NAREB) பார்த்தால் பழைய சங்கத்தின் அன்றைய பெயரும் இதுவும் ஒன்றே. ‘ரியல்டர்’ என்ற சொல்லைப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் சாட்போர்ன் செய்ததையே அவர்களும் செய்தார்கள். அகராதியில் இல்லாத ஒரு சொல்லை உருவாக்கி, தங்கள் உறுப்பினருக்கு மட்டும் உரியதாக்கினார்கள்: ‘ரியல்டிஸ்ட்’. அதன் கீழே எழுதிக்கொண்ட முழக்கம், குடியிருப்பில் ஜனநாயகம்.